எந்த லைன்?

சந்தாபுரா,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்பு மகள் ஜோசபினுக்கு அப்பா யேசுதாஸ் எழுதுவது. நலம். உங்கள் நலத்துக்கு ஜெபம். விலாசத்தை நான்கு முறை ஒத்துப் பார்த்தேன். இருந்தும் சந்தேகம்தான்.

நீ நார்வே போன இந்தப் பதினோரு வருடத்தில் உன் விலாசம் கேட்டு நாற்பத்திரண்டு பேரிடம் போயிருக்கிறேன். பட்டியல் இருக்கிறது. குணசேகர் மெர்சியைக் கேட்கச் சொன்னான். மெர்சி தனக்கோடியைக் கேட்கச் சொன்னாள். தனக்கோடி குணசேகரையே கேட்கச் சொன்னார். நம்மைத் தெரிந்த எல்லோருக்கும் நம்மவர்களை மட்டுமே தெரியும்.

போன மாதம் கண் டாக்டரிடம் போகும் வழியில், ஆர்.வி. ரோடு மெட்ரோவில் வழி கேட்டேன். காவலர் “யாவ லைன் சார்?” என்றார். எந்த ரயில் பாதை, மஞ்சளா பச்சையா என்று அர்த்தம். நான் பதற்றத்தில் “சாம்பியன் ரீஃப், ஆறாம் லைன்” என்று நம் பழைய தங்கவயல் சுரங்கக் குடியிருப்பு விலாசத்தைச் சொல்லிவிட்டேன். பின்னால் ஒரு பெண் சிரித்தாள். “அய்ய, அந்த லைனுக்கு மெட்ரோ போவாது அங்கிள்! நாங்க ஒன்பதாம் லைன்.”

அவள் ஹெலன், நர்ஸ். கூட வேலை செய்பவள் பாகீரதி. பாகீரதியின் தம்பி ஓஸ்லோவில். அவர் மகனும் உன் மகளும் ஒரே வகுப்பாம். மூன்றே கை மாறி உன் விலாசம் வந்துவிட்டது. எனக்குப் பேத்தி இருப்பதும் அப்படித்தான் தெரிந்தது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு, ஜோசி. நோட்டில் வட்டமாக அறுபது புள்ளி வைத்தேன். பக்கத்துப் புள்ளியோடு மட்டும் கோடு. எதிர்ப்புள்ளிக்கு முப்பது படி. பிறகு சம தூரம் விட்டு, எதிரெதிர்ப் புள்ளிகளைச் சேர்த்துக் குறுக்கே மூன்று கோடு போட்டேன். இப்போது எங்கிருந்து எங்கே போனாலும் பதினைந்து படிக்கு மேல் இல்லை. நம்பாமல் மறுபடி எண்ணினேன். பதினைந்துதான். வட்டத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் எதுவுமே மாறவில்லை. ஆனாலும் உலகம் பாதியாகிவிட்டது. வெகு நேரம் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

நம் வீட்டுக் கல்யாணமெல்லாம் பக்கத்துப் புள்ளிக்குத்தான். நீ மஞ்சுநாத்தைக் கட்டிக்கொண்டபோது கோடு அறுந்ததாக நினைத்தேன். அது குறுக்குக் கோடு என்று இந்தக் கணக்கு வாத்தியாருக்குத் தெரியவில்லை. அன்று ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை வரை வந்தேன். சாலையைக் கடக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர். பேத்தியின் பெயரை ஹெலனிடம் கேட்டால் சொல்வாள். நான் கேட்கவில்லை. ஜெபத்தில் இப்போதைக்கு ‘அந்தப் பிள்ளை’ என்றே சொல்லி வருகிறேன். வேறொன்றும் எழுத வேண்டாம். பெயரை மட்டும் எழுது.

உன் அப்பா,
யேசுதாஸ்