ரஃபியின் வாட்ச்சும் என் கால்களும்

வியாழன். காலையில் சாரல், பிறகு சுள்ளென்று வெயில்.

கூடலூர் வாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: நண்பன் ரஃபியின் இடது கை இன்று முதல் வாட்ச்சின் ஆட்சிக்குக் கீழ் வந்துவிட்டது. துபாயிலிருந்து அவன் அண்ணன் கொண்டுவந்தது. ஓடிய தூரம், வேகம், நெஞ்சுத் துடிப்பு, எல்லாம் சொல்லும். கைக்கடிகாரம் போய் கையில் அதிகாரம். தண்ணீர் குடி என்றால் குடிக்கிறான். எழுந்திரு என்றால் கணக்கு வகுப்பிலேயே எழுந்து நிற்கிறான்.

எனக்கு இதெல்லாம் தேவையில்லை. உடம்பு சொல்வதை நான் கேட்பேன், நான் சொல்வதை உடம்பு கேட்கும். சார்ஜ் போட வேண்டாம்.

ஞாயிறு கம்பத்தில் ஐந்து கி.மீ. ஓட்டத் தேர்வு. மூன்று பேர் மாவட்டப் போட்டிக்கு. ரஃபிக்கு ஓர் இடம் நிச்சயம். மிச்சத்தில் ஒன்று எனக்கு (பேராசை).

வெள்ளி. மேகம். காற்று.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலைச்சாலையில் ஏறி ஓடினோம். ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து ஒரு அக்கா: “யாருலே வெரட்டுறாக? இப்படி ஓடுறீக.”

“கணக்கு வாத்தியாரு, அக்கா.” ஜீப் முழுக்கச் சிரிப்பு.

மேலே போய் ரஃபி வாட்ச்சைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. தூரமும் குறைவு, வேகமும் குறைவு.

“மாப்ள, இவ்வளவு மந்தமாவாடா ஓடுறேன்? ஞாயித்துக்கெழம நான் வரல. மானம் போயிரும்.”

அவன் போனில் ஓடிய பாதையைப் பார்த்தேன். சாலை கொண்டை ஊசியாக வளைகிறது. கோடு வளைவுகளை வெட்டிக்கொண்டு நேராக ஏறுகிறது. வாட்ச் கணக்குப்படி நாங்கள் குரங்குகளோடு பாறையில் தாவியிருக்கிறோம். தூரத்தை விழுங்கிவிட்டு, மெதுவாக ஓடினாய் என்கிறது. சாலையோரத்து கி.மீ. கல்லைக் காட்டினேன். நம்பவில்லை.

“இது சேட்டிலைட்டப் பாத்துச் சொல்லுது. நீ எதப் பாத்துச் சொல்ற?”

“ஒன் முதுகப் பாத்து. தெனமும் அதப் பாத்துத்தான ஓடுறேன்.”

வாட்ச்சைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

சனி. புழுக்கம்.

ரஃபி பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா: “நீயாச்சும் கேளுப்பா. நேத்துலருந்து அந்த வாட்ச்சத் தடவிக்கிட்டே ஒக்காந்திருக்கான்.”

சரி, நான் தோற்பதையாவது வேடிக்கை பார்க்க வா என்றேன். அதற்குச் சிரித்தான். வருகிறானாம். ஷூவோடு வரச் சொன்னேன்.

ஞாயிறு. நல்ல வெயில்.

கடைசி நிமிஷத்தில் பேர் கொடுத்துவிட்டான். ஆனால் கோட்டில் நின்றும் மணிக்கட்டையே பார்க்கிறான். “வாட்ச் கட்டக் கூடாதுன்னு பி.டி. சார் சொன்னாக” என்றேன். கழற்றிக் கொடுத்தான். என் பைக்குள் போட்டேன். விசில்.

வெறும் கையை இரண்டு தடவை பார்த்தான். அப்புறம் பார்க்கவில்லை. அப்புறம் எனக்கு அவன் முதுகே தெரியவில்லை, அவ்வளவு முன்னால்.

ரஃபி முதல். நான் மூன்றாவது. இரண்டு பேரும் மாவட்டத்துக்கு. தேங்காய் பன், டீ.

நடுவில் ஒரு சிக்கல். “சார், இப்ப வாட்ச் கட்டிக்கலாமா?” என்று ரஃபி நேரே போய்க் கேட்டுவிட்டான்.

“யாருடா கட்ட வேணாம்னா?”

திரும்பி என்னைப் பார்த்தான். என் முதுகில் ஒரு குத்து. பிறகு சிரிப்பு. “நீயே வச்சுக்க மாப்ள, மாவட்டப் போட்டி முடியிற வரைக்கும். எனக்கு வேணாம்.”

எந்திரத்தின் பிடியிலிருந்து ஒரு மனிதனை மீட்டவன் நான். கூடலூர் பஸ் ஸ்டாண்டில் சிலை வைத்தால் மறுப்பதற்கில்லை.

செவ்வாய். லேசான குளிர்.

வாசலில் ரஃபி. “ஏலே, ஓட வரலையா?”

கால் பிடித்துக்கொண்டது என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது. நேற்றுத் தூக்கம் போதவில்லை, இன்று ஓய்வெடு என்று வாட்ச் சொல்லிவிட்டது. நன்றாகத்தான் தூங்கினேன். அதைப் படித்ததிலிருந்துதான் ஒரே அசதி.