பொட்டுக்கு அடியில் 110

அண்ணே,

இந்த எஸ்டேட்டில் மின்சாரத்தை முழுதாக அறிந்தவன் நான் ஒருவன்தான். காலேஜில் இதை யாரும் மறுத்ததில்லை. ஆகையால் சொல்கிறேன்: நீ பிழைப்புக்கென்று புதிதாக வாங்கிவந்த சாணை மெஷினைத் தொடாதே.

நேற்று நீ, "டவுன்ல ரேடியோக் கடை மொதலாளி, அந்தச் சீனத் தவுக்கேகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொருகலாம்லா" என்றாய். "படிச்சவன் நான் இருக்கேன், போயும் போயும் அவன்கிட்டயா கேப்பே?" என்று சிரித்தேன். நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

காலையில் மெஷினைத் துடைத்தேன். ஆயுத பூசைக்கு அம்மா வைத்த சந்தனப் பொட்டு, வோல்டேஜ் எழுதிய தகட்டின் மேலேயே இருந்தது. சுரண்டினால் அடியில் 110. நம் வீட்டில் வருவதோ 240. சொருகியிருந்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகியிருக்கும். தேயிலை ஃபேக்டரி உருளை உன் இரண்டு விரலை எடுத்தது. மிச்சமிருந்த பிழைப்பை நான் எடுத்திருப்பேன்.

அம்மாவிடம் சொல்லாதே. பொட்டை எண்ணுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டேன்.

வேலப்பன் மாமா கொழுந்து வெட்டும் கத்தரிகளைத் தீட்டக் கொண்டுவருவார். வாங்கி வை. நாளைக்குத் தருவதாகச் சொல்.

சோறு அடுப்பு மேல் இருக்கிறது. மீனில் முள் எடுத்துவிட்டேன். பாசமெல்லாம் இல்லை, பூனைக்கு முள் தேவைப்பட்டது.

சாம்பு

பி.கு.: கோபத்தில் நீ சொருகிவிடுவாய் என்று பிளக்கைக் கழற்றி எடுத்துப் போகிறேன்.

இன்னொன்று: 240ஐ 110 ஆக்க டிரான்ஸ்பார்மர் வேண்டும். எவ்வளவு பெரியது வேண்டும் என்று மூன்று தடவை கணக்குப் போட்டேன், மூன்று விடை வந்தது. பிரிஞ்சாங் டவுனுக்குப் பஸ்ஸைப் பிடிக்கிறேன். தவுக்கேயிடம் கேட்டுத்தான் வாங்குவேன்.