ரஸ்க் தூள் இல்லாத கட்லெட்

திருப்பூர்
12.11.2006

அன்பு மகள் சித்ராதேவிக்கு அம்மா ஒச்சாயி எழுதச் சொல்லி எழுதுவது. உன் அப்பாவும் நானும் உன் தங்கை முனீஸும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். லூதியானாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஜோதிகாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. நான் சொல்லச் சொல்ல முனீஸ்தான் எழுதுகிறாள். மாப்பிள்ளையோடு முன்பு வேலை பார்த்த பழனிமுத்து வெள்ளிக்கிழமை மெஷின் விஷயமாக அங்கே வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு எவர்சில்வர் டப்பாவையும் கொடுத்து விடுகிறேன். இதை முழுக்கப் படித்த பிறகு டப்பாவைத் திற.

குழந்தைக்குக் கோதுமை ஆயுசுக்கும் ஆகாது, குடல் ஆறும்வரை அரிசி, கேழ்வரகு என்று எந்தத் தானியமும் கொடுக்காதே என்று டாக்டர் சொன்னதாக நீ போனில் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வயதுப் பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு, சித்தி சுட்ட கட்லெட்தான் வேணும் என்று அழுகிறாளாமே. ரஸ்க் தூள் இல்லாம அதை எப்படிம்மா சுடறது என்று நீ கேட்டதும் எனக்கு நம்முடைய பழைய ஞாயிற்றுக்கிழமைகள்தான் கண்ணில் வந்து நின்றன. நீ பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்த காலம். கம்பெனிக்குப் பக்கத்து பேக்கரியில் உடைந்த ரஸ்க்கைப் பொட்டலமாகக் கட்டி வைத்திருப்பார்கள், நீ வாங்கி வருவாய். பனியன் துணியில் முடிந்து அம்மிக் குழவியால் தட்டுவாய். முனீஸ் குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள், சர்க்கரை ஒட்டிய துண்டாகப் பார்த்து அவள் வாயில் போடுவாய். தூள் பாதிதான் எனக்கு வந்து சேரும். வீட்டுக்கார அம்மா பெரியாத்தாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, ஏனுங்க ஒச்சாயி, உங்கூட்டுக் கட்லெட் வாசத்துல எங்கூட்ல ரசத்த ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்கங்க என்பார். நாலு கட்லெட் போகாமல் அந்தக் குரல் ஓயாது. அந்த ஒற்றை அறையில் அத்தனை பேரும் எப்படித்தான் படுத்தோமோ, இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

ஆனால் சித்ரா, போன மே மாதம் பிள்ளை இங்கே வந்து வயிறு ஊதி, போக்கு நிற்காமல் கிடந்தாளே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. சோறு எக்கி உள்ளே சிக்கிக்கொண்டது என்று, அதை ஊதி எடுக்கிறவளிடம் நான்தான் இரண்டு தடவை தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனேன். வயிறு காயக் கூடாது என்று பாலில் ரஸ்க்கை ஊறவைத்து ஊட்டியதும் நான்தான். முனீஸ் வேலை விட்டு வந்ததும், பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று தினமும் கட்லெட் சுட்டுக் கொடுத்தாள். இப்போது நம் கையாலேயே விஷம் வைத்தோமே என்று இவள் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறாள். உன் போன் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுகிறாள், கவனித்தாயா? இந்த இடத்தில் பேனா நிற்கிறது. எழுதுடி என்று சொல்லிவிட்டேன்.

பதினைந்து நாளாக இங்கே சோதனைதான். முதலில் கடலை மாவில் புரட்டினேன், பஜ்ஜியும் இல்லை கட்லெட்டும் இல்லை என்று ஆனது. காங்கேயத்துத் தேங்காயைத் துருவி உலர்த்திப் போட்டேன், உள்ளே சூடு ஏறும் முன்பே மேலே கருகியது. பெரியாத்தாள் ஓடி வந்து, அடுப்ப அணைங்க, ஊடு பூராக் கருகல் வாசமா இருக்குதுங்க என்றார். ஜவ்வரிசி தானியமில்ல, கெழங்குதான என்று உன் அப்பா யோசனை சொன்னார். உடைத்துப் புரட்டிப் போட்டால் சட்டியிலிருந்து பட்பட்டென்று தெறிக்கிறது. யோசனை சொன்ன மனிதர் முறத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கடைசியில் நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, பொட்டுக்கடலையும் சேர்த்துக் கொரகொரப்பாகத் திரித்தோம். மொறுமொறுப்பு அப்படியே ரஸ்க் மாதிரி வந்தது. சோம்பு, மிளகாய்த் தூள், உப்பு போட்டு, வாயுத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று தாராளமாகப் பெருங்காயத் தூளும் கலந்து, டப்பாவில் அழுத்தி நிரப்பிவிட்டேன்.

முனீஸ் அப்போது அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எனக்கென்னடி படிக்கவா தெரியும், வாயத் தொறந்து சொல்லு என்றேன். இதுல கோதுமை மாவு கலந்திருக்குன்னு போட்டிருக்கும்மா என்றாள். முப்பது வருஷமாகக் குழம்பில் போடுகிறேன், பெருங்காயத்தில் கோதுமை இருக்கும் என்று யார் கண்டது? ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் போச்சே என்று இவளை நினைத்து நான் அழாத நாளில்லை. இன்றைக்குக் கம்பெனியில் நாளெல்லாம் பனியன் கழுத்தில் தைத்த லேபிளின் பொடி எழுத்தைப் படித்துப் பழகிய கண்தான் நம் பிள்ளையைக் காப்பாற்றியது. அதை எழுத மாட்டேன் என்கிறாள். நான் விடவில்லை.

அந்தத் தூளைக் கொட்டிவிட்டு, மிக்ஸி ஜாரைப் புளி போட்டுத் தேய்த்து, புதுக் கடலையைப் புடைத்துத் துணியில் துடைத்து, பெருங்காயம் இல்லாமல் மறுபடி முழுவதும் இவளே திரித்தாள். உருளைக்கிழங்கு மசியலைத் தட்டி, முட்டை வெள்ளையில் தோய்த்து, இந்தத் தூளில் புரட்டிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, சிறு தீயில் சுடு. உன் வீட்டுப் பெருங்காயத்தையும் எடுத்துப் பார். பிள்ளைக்குச் சமைக்கிற சட்டி, கரண்டியைத் தனியாக வை. மாப்பிள்ளை கம்பளி போடாமல் வண்டி ஓட்ட வேண்டாம்.

குலசாமி துணையில் ஜோதிகா வயிறு ஆறி, தட்டு நிறையச் சாப்பிட்டு வளரட்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி எப்போதும் உண்டு. பிள்ளை கட்லெட்டைத் தின்றாளா இல்லையா என்று உடனே பேசு. பேசும்போது என்னைக் கூப்பிடாதே, முனீஸைக் கூப்பிடு. அவளை நான் அன்றைக்குக் குழாயடிக்கு விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஒச்சாயி (கைநாட்டு)

அக்கா, டப்பா மூடியில் ஒரு லேபிள் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதில் உள்ளது மட்டும்தான் உள்ளே இருக்கிறது. மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். பாப்பாவுக்குப் பயப்படாமல் கொடு.
முனீஸ்