பெட்ரோல் மூடி இல்லாத கார்

ஜூன் 8, திங்கள்

விடியும் முன்பே புழுக்கம். ஏ ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் தூங்கிவிட்டேன், ஒரகடம் வந்ததே தெரியவில்லை. இரண்டு கட்டைவிரலும் வீக்கம். நாள் முழுக்கக் கார்க் கதவு விளிம்பில் ரப்பர் பீடிங் அழுத்துகிற விரல் வேறு எப்படி இருக்கும்? அதே விரலால் சாயங்காலம் பிளேடு பிடித்து சன்போர்டு அட்டை வெட்டுகிறேன். கூறுகெட்டவள்.

வாங்க: உப்புத்தாள், மெல்லியது. சிவப்பு நெயில் பாலிஷ். தைலம்.

சனிக்கிழமையோடு ஜெனிக்கு டிரெய்னி காலம் முடிகிறது. நீட்டிக்க மாட்டார்களாம். மூன்று வருடமாக லைனில் கார் நடுவில் வரும், வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவள். ஜன்னல் ஓட்டை வழியாக அவள் முகம். அந்தச் சத்தத்தில் பேச்சு ஏது, புருவம்தான். இந்த ஊரில் எனக்கென்று இருக்கிறவள் அவள் ஒருத்தி. போகுமுன் அவள் கையில் நான் செய்கிற இந்தப் பொம்மைக் காரைக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் லைனில் ஓடுகிற அதே கார், இருபத்துநாலில் ஒரு பங்கு. டானிக் பாட்டில் மூடி சக்கரம். போட்டோ பார்த்துச் செய்யவில்லை, அது எனக்கு இழுக்கு. கண்ணை மூடினால் கதவின் வளைவு தானாகக் கைக்கு வருகிறது.

ஜூன் 9, செவ்வாய்

வலப்பக்கம் முடிந்தது. அதையே அச்சாக வைத்து, திருப்பிப் போட்டு, இடப்பக்கமும் வெட்டியாயிற்று. ஒட்டியும் ஆயிற்று. பசை நாற்றம் என்று அறையில் சண்டை.

"கம்பெனில பாக்குத காரு ஒனக்குப் போதலியாக்கும்?" என்றாள் ராஜி. என்னோடு அறையில் இருப்பவள், எங்கள் ஊர்ப் பக்கம்தான்.

போதவில்லை. அங்கே எங்கே முழுக் காரைப் பார்க்கிறோம்? சீட் இல்லாமல், கண்ணாடி இல்லாமல் வரும், போகும். இன்று திரும்பும்போது பஸ் ஒரு டிரெய்லர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. மேலே எங்கள் வண்டிகள், இரண்டு அடுக்காக. அதில் ஒரு மெரூன். என்ன அழகு சனியன்! லாரி திரும்புகிற வரை பார்த்துக்கொண்டே வந்தேன். இப்போது கழுத்து வலி.

ஜூன் 10, புதன்

சனி வரை பொறுக்க முடியாமல் ஜெனியிடம் காட்டித் தொலைத்தேன். ஷிப்ட் முடிந்து, பஸ்கள் நிற்கிற இடத்தில். வாங்கி வலப்பக்கம் பார்த்தாள்.

"சூப்பரா கீதுடி முத்து!"

திருப்பி இடப்பக்கம் பார்த்தாள். தடவினாள். பின்பக்கம் பார்த்தாள்.

"இன்னாடி இது? பெட்ரோல் எங்க ஊத்துறது?"

எனக்குப் புரியவில்லை.

"பெட்ரோல் மூடிடி! எம் பக்கத்துல கீது. பீடிங் போட்ட கையோட நான் குனிஞ்சி மாட்டறது இன்னான்னு நெனச்ச?"

"நீ செத்த நேரம் உக்காந்துக்கிடுதன்னு நெனச்சேன்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. "மூணு வருசமா எதுத்தாப்புலதான நிக்கிறேன்" என்றாள். காரை என் கையில் கொடுத்துவிட்டுப் படப்பை பஸ்ஸில் ஏறிவிட்டாள். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

ஜன்னல் ஓட்டையில் தெரிகிற அளவுக்குத்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கீழே அவளுக்கு ஒரு வேலை இருப்பது தெரியாது. சோறு இறங்கவில்லை.

ஜூன் 11, வியாழன்

ஜெனி இந்தப் பக்கம் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. லைன் லீடர் குமரேசன் அண்ணனிடம் போய், கொஞ்ச நேரம் இடப்பக்கம் நிற்கிறேன் என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குமா?"

"கத்துக்கிடுதேன் அண்ணே."

டீ பிரேக்குக்குப் பிறகு மாற்றிவிட்டார். அடேயப்பா! அந்த மூடிக்கு இரண்டு கிளிப், ஒரு ரப்பர். உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது, அரைக் குனிவு. நாலாவது வண்டியில் பிந்திவிட்டேன். லைன் நின்றது. நின்றால் ஒரு மெட்டு ஒலிக்கும், ஷாப் முழுக்கக் கேட்கும். மானம் போயிற்று. ஜெனி என் இடத்திலிருந்து சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

"தள்ளு. மேல் கிளிப் மொதல்ல."

மாட்டினாள். லைன் நகர்ந்தது. போகும்போது, "இடுப்பு செத்துதா?" என்றாள்.

"செத்துது."

"தினிக்கும் அதான்."

பேசிவிட்டாள். தைலம் இடுப்புக்கும் சேர்த்துத் தீர்கிறது.

ஜூன் 12, வெள்ளி

மழை. ஓ.டி. வேண்டாம் என்று வந்துவிட்டேன். இடப்பக்கம் மூடியை வெட்டினேன், திறந்து மூடுகிற மாதிரி, ஊக்குக் கம்பியில் கீல். இரண்டு முறை உடைந்தது. மூன்றாவது நின்றது. மேலே நெயில் பாலிஷ். காய்கிறது.

நாளை டீ பிரேக்கில் எல்லோருக்கும் கேக் கொண்டுவருகிறாளாம் ஜெனி.

ஜூன் 13, சனி

ஜெனி உள்ளேயே வரவில்லை. கேட்டில் அவள் கார்டைக் காட்டினால் சிவப்பு விளக்கு. கம்ப்யூட்டரில் நேற்றோடு முடிந்துவிட்டதாம். கேக் டப்பாவோடு நின்றாளாம், செக்யூரிட்டி போகச் சொன்னாராம். டீ பிரேக்கில்தான் எனக்குத் தெரியும். கார் என் பையில் லாக்கருக்குள்.

"அதான் கத்துக்கினியே, இனிமே இந்தப் பக்கம் நீதாம்மா" என்றார் குமரேசன் அண்ணன். ஜெனியின் இடத்தில் நான். எதிரே, என் இடத்தில், ஒரு புதுப்பெண். பேர் கேட்கவில்லை. யார்மேல் கோபப்படுவது? குனிந்தேன், மாட்டினேன், குனிந்தேன், மாட்டினேன்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். "நாளிக்கி மத்தியானம் வூட்டுக்கு வாடி, கறி ஆக்கறேன். காரை எட்துகினு வா." ஹாஸ்டல் இருக்கிற ஸ்ரீபெரும்புதூரிலிருந்து படப்பைக்கு எப்படிப் போனாலும் ஒரகடத்தில் மாற வேண்டும். போகிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். முடி காயட்டும் என்று கொஞ்சம் சாய்ந்தேன். கண் விழித்தால் விளக்கு வைக்கிற நேரம். போன் முழுக்க ஜெனி கூப்பிட்டது. பாவி, ஒன்றுகூடக் காதில் விழவில்லை. ராஜி ஓ.டி.க்குப் போயிருக்கிறாள், எழுப்ப ஆளில்லை. அலமாரியில் கார் இல்லை.

கீழே ஓடினேன். வார்டன் அக்கா சொன்னார்: "படப்பைலேந்து ஒரு பொண்ணு வந்துச்சே. எழுப்பட்டுமான்னேன். வாணாங்கா, தூங்கட்டும், அந்த வேல எனக்குத் தெரியும்னுச்சு. உன் கட்டில்லயே குந்திகினு இருந்துச்சு ரொம்ப நேரம். கார்ல அந்தக் குட்டி மூடியத் தொறக்கும், மூடும். அப்பால காரை எட்துகினு போச்சு."

கட்டிலுக்கடியில் டிபன் பாக்ஸ். கறிக்குழம்பு, ஆறிப்போய். நின்றபடியே தின்றேன். நடுவில் அழுகை வந்தது, அதோடு தின்றேன். ஒரு துண்டு மீதி இல்லை. போன் செய்தேன். எடுக்கவில்லை, தூங்குகிறாள் போல. தூங்கட்டும்.

நாளை ஏ ஷிப்ட். யூனிபார்ம் இன்னும் துவைக்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. வெறும் டப்பாவாகத் திருப்பித் தரக்கூடாது. ஹாஸ்டலில் இருந்துகொண்டு என்னத்தைப் போட்டுக் கொடுப்பேன்?