ஜீப்பில் ஏறியதைப் பார்த்த தெரு

என் சரோஜா அக்காவுக்கு,

நகைக்காகவோ பணத்துக்காகவோ நடக்கும் கொலைக்கு 'ஆதாயக் கொலை' என்று போலீஸ் பெயர் வைத்திருக்கிறது. குற்றச் செய்தி எழுதும் எனக்கு அது தினசரிச் சொல். உனக்கும் அதே சொல்லைத்தான் போட்டார்கள். அன்று அந்தச் செய்தியை எழுத என்னால் முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரர் எழுதினார். பிழை ஒன்றும் இல்லாமல், ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்.

உன் மாடிப் போர்ஷன் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. கேட்டில் தொங்கிய 'டூ லெட்' போர்டை நான்தான் கழற்றினேன். இங்கே கிழக்குத் தாம்பரத்தில் மற்றதெல்லாம் அப்படியேதான். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடுகிறார்கள். ரயில்வே கேட் மூடினால் ஹாரன் அடிக்கிறார்கள்.

உனக்குத் தெரியாமல் போன ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யூசுப்பைப் பற்றி.

பேப்பரில் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். யூசுப் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். உன் ஃப்ரிட்ஜை இரண்டு முறை சரிசெய்தவர். போர்டைப் பார்த்துவிட்டு மனைவி மும்தாஜோடு வீடு பார்க்க வந்தார். அன்று சாயங்காலம் நீ எனக்கு போன் செய்தாய். "நல்ல பொண்ணுடா ராஜு. வந்ததும் கிச்சன் ஜன்னலத்தான் திறந்து பார்த்தா. அவங்களுக்கே குடுத்துடலாம்னு இருக்கேன்."

மறுநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதன் சார் வந்தார். அவர் என்ன சொன்னார் என்று நீ அவர் குரலிலேயே எனக்குப் பேசிக் காட்டினாய். "தப்பா நினைக்காதீங்க அக்கா. பாய் நல்ல மனுஷன்தான், யாரு இல்லேன்னா? ஆனா இன்னைக்கு ஒரு ஃபேமிலி வரும், நாளைக்கு ஊரே வரும். நீங்க தனியா இருக்கீங்க. நம்ம சேஃப்டியை நாமதானே பார்த்துக்கணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் மறுபடி யூசுப் வந்தபோது, பெங்களூரிலிருந்து பையன் திரும்பி வருகிறான், மாடி வேண்டுமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாய். இந்தப் பக்கத்தில் வீடு கொடுக்க மனமில்லாத எல்லோருடைய பையன்களும் அப்படித்தான் திரும்பி வருகிறார்கள். யூசுப்புக்கும் அது தெரியும். "பரவால்லம்மா. ஃப்ரிட்ஜ்ல கூலிங் கம்மியா இருந்தா மட்டும் சொல்லி அனுப்புங்க" என்றாராம். அதைச் சொல்லும்போது உன் குரல் இறங்கியிருந்தது. போர்டை மட்டும் நீ கழற்றவில்லை. ஏன் அக்கா? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அந்தப் போர்டு தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொருவனும் வீடு கேட்டு வந்தான். பட்டப்பகலில், தெருவில் காய்கறி வண்டி நிற்கும் நேரத்தில். அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் பிறகு என்னிடம் சொன்னார். போன வீடுகளிலெல்லாம் அவனிடம் கேட்டது இரண்டே கேள்விதானாம். சைவமா, எந்த ஊர்க்காரங்க. முகவரி கேட்டவர் இல்லை. வேலை பார்க்கும் இடத்துக்கு போன் போட்டு விசாரித்தவர் இல்லை. அதனால் அந்த இரண்டுக்கும் மட்டும் பதில் தயாராக வைத்திருந்தான். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, கையில் ஆபீஸ் பையோடு வந்தான். நீயும் அதைத்தான் கேட்டாயா? மாடிச் சாவியை எடுக்க முதுகைத் திருப்பினாயா? குற்றப்பத்திரிகையில் அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை அக்கா. படிக்கவும் மாட்டேன்.

அவன் பிறகு பொத்தேரியில் இன்னொரு வீட்டு வாசலில் பிடிபட்டான். உன் சங்கிலியும் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததுதான் உனக்குத் தெரியாதது.

உன்னை எடுப்பதற்குள் போய்விட வேண்டுமென்று கடையைப் பூட்டிவிட்டு யூசுப் வந்தார். பந்தலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். போலீஸ்காரர் ஒருவர் தெருக்காரர்களிடம், "சமீபத்துல புது ஆளுங்க யாராவது வீட்டை நோட்டம் விட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யார் முதலில் கையை நீட்டியது என்று நான் பார்க்கவில்லை. நான் நிமிர்ந்தபோது நாலைந்து கைகள் நீண்டிருந்தன.

"ஒண்ணும் இல்ல பாய். சும்மா ரெண்டு கேள்வி. வந்துட்டுப் போயிடுங்க."

"சார், செருப்பு…"

"அப்புறம் போட்டுக்கலாம், ஏறு."

நான் ஓடிப்போய் ஜீப்பின் கம்பியைப் பிடித்தேன். "சாவு வீட்டுல நீங்க ஏன் சார் டென்ஷன் ஆவுறீங்க, போய்க் காரியத்தைப் பாருங்க" என்று கையை எடுத்துவிட்டார்கள். அந்தச் 'சும்மா' மூன்று நாள் நீடித்தது. நான் ஸ்டேஷன் வாசலிலும் உன் வீட்டு வாசலிலுமாக மாறி மாறி நின்றேன். வெளியே வந்தபோது அவருடைய வலது மணிக்கட்டு மடங்கவில்லை. இன்னும் சரியாக மடங்குவதில்லை. யாராவது கேட்டால், "கம்ப்ரசர் மேல வுழுந்துச்சு" என்கிறார்.

பொத்தேரியில் ஆள் பிடிபட்டது எல்லாப் பேப்பரிலும் வந்தது. அதற்குப் பிறகும் நம் தெருவில் ஒருவர்கூட யூசுப்பை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. குற்றவாளி கிடைத்தாயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும், "எதுக்குங்க வம்பு, ஒருதடவை ஸ்டேஷன் போன ஆளு" என்கிறார்கள்.

உன் மாடியை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று கடைக்குப் போனேன். உன் மகனும் சரியென்று சொல்லியிருந்தான். மும்தாஜ் டீ கொடுத்தாள். யூசுப் சாதாரணமாகத்தான் பேசினார்.

"வூடு வாணாம் சார். உங்க அக்கா மேல எனக்குக் கோபம்லாம் இல்ல, பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க. ஆனா ஒண்ணு சார். என்னை ஜீப்புல ஏத்தனப்ப தெருவே பார்த்துச்சு. வுட்டப்ப பஸ் ஸ்டாண்டுல இறக்கி வுட்டுட்டாங்க, ஒருத்தரும் பார்க்கல. நான் ஒண்ணும் பண்ணலன்றத அதே தெருவுல நின்னு யாருனா சொல்லணும். அது போதும் சார்."

"பேப்பரில் எழுதட்டுமா? பெயர் போடலாமா?"

"போடுங்க சார். இனிஷியலோட போடுங்க" என்று மும்தாஜ் உள்ளிருந்து சொன்னாள்.

இன்ஸ்பெக்டரிடம் போனேன். புதிதாக வந்தவர், மரியாதையானவர். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவரு பேரு எங்க ரெக்கார்டுலயே கிடையாது சார். இல்லாத பேரை நான் எப்படி சார் நீக்குறது?"

போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் போலீசும் பொதுமக்களும் சந்திக்கும் கூட்டம் நடந்தது. இப்போது மாதாமாதம் வைக்கிறார்கள். சந்தேகப்படும்படி யாராவது வந்தால் உடனே தகவல் கொடுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். நான் எழுந்து, யூசுப் நிரபராதி என்பதை இங்கே மைக்கில் சொல்லுங்கள் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். "அந்த வழக்குக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை." ஒரே வாக்கியம்.

எதிர்வீட்டு அம்மா கை தூக்கினார். "சரி சார். ஆனா அவரு எதுக்கு அத்தனை தடவை வந்து வீட்டைப் பார்த்தாரு?"

"வாடகைக்கும்மா," என்றேன் நான்.

வரதன் சார் மைக்கை வாங்கி, "அடுத்தது தெருவிளக்கு" என்றார்.

கூட்டம் முடிந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது வரதன் சார் என் பின்னாலேயே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ராஜு, அந்த ஆளு முதல்ல என்கிட்டதான் வந்து கேட்டான். நான்தான் அக்கா வீட்டைக் காட்டினேன். போன்லயும் சொன்னேன், டீசன்ட் பார்ட்டின்னு. தெரிஞ்சவரான்னு அக்கா கேட்டாங்க. பார்த்தாலே தெரியுதே அக்கான்னேன்."

"இதை இப்ப உள்ளே மைக்கில சொல்லியிருக்கலாமே சார்."

"எப்படிப்பா… இத்தனை வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன்," என்றார். பிறகு நடந்து போய்விட்டார்.

அவர்மேல் எனக்கு ஆத்திரம் வரவில்லை அக்கா. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவனை உன்னிடம் அனுப்பி வைத்ததும் யூசுப்பை ஜீப்பில் ஏற்றிவிட்டதும் ஒரே பார்வைதான். அந்தப் பார்வையோடு இன்றைக்கும் தெருவைக் காவல் காக்கிறார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போவேன். அதற்கடுத்ததற்கும் போவேன். தெருவிளக்குக்கு முன்னால் யூசுப் பெயரை எடுப்பேன். எனக்குப் பதிலாகத் தெருக்காரர் ஒருவர் எழுந்து நின்று, 'அவர் வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர், நாமதான் பிடிச்சுக் கொடுத்தோம்' என்று சொல்லும் வரை எடுப்பேன். அதுவரை உன் மாடி பூட்டியே இருக்கும்.

உன் கூடப் பிறந்தவன்,
ராஜு