பாப்பா கட்டிலுக்கு மேல் ஒரு நூல்

என்னங்க, ஏ.சி. காத்து வர்ற டக்ட் குழாயை மாட்டி முடிச்சுட்டேன். மெஷினை இப்பவே போட்டுடாதீங்க, ஜாயின்ட்டுல பூசின பசை காயணும். மதியத்துக்கு மேல புது ஃபில்டரைச் சொருகிட்டுப் போடுங்க. அதுல இருக்கிற அம்புக்குறி மெஷின் பக்கம் பார்க்கணும். போன தடவை மாதிரி திருப்பி மாட்டினா, தூசி மறுபடி பாப்பாவுக்குத்தான்.

"ஊர் வீட்டுக்கெல்லாம் டக்ட் மாட்டுற, பெத்த புள்ளைக்கு மூச்சு இழுக்குறது தெரியலையா"ன்னு கேட்டீங்களே, அது இன்னும் சுருக்குனு குத்துது.

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன், சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிக்கோங்க.

சொல்ல மறந்துட்டேன். பாப்பா கட்டிலுக்கு மேல இருக்கிற டக்ட் கிரில்லுல ஒரு நூல் கட்டியிருக்கேன். காத்து வந்தா ஆடும். ஆடுச்சுன்னா ஒரு மிஸ்டு கால் குடுங்க. கோவம்னா பேச வேண்டாம், மணி அடிச்சாப் போதும்.