நான் சொல்லாத ஆமென்

11 ஆகஸ்ட் 2007, சனி

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் இன்று ரிசல்ட் சொன்னார்கள். கர்ப்பப்பையின் உள்சுவரில் போன வருடம் பார்த்த தடிப்பு இப்போது இல்லை. அப்போது டாக்டரம்மா, "இவ்ளோ வெயிட்டான உடம்போட இப்படியே விட்டா கேன்சரா மாறலாம்" என்று பயமுறுத்தித்தான் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்கு அனுப்பினார். இன்று அவரே சிரித்தார். "ரிஸ்க் நல்லா கம்மியாயிடுச்சு, கிரேஸ். ஆனா செக்கப்புக்கு வராம இருந்துடாதீங்க." அந்த 'ஆனா' இருக்கட்டும், நாளைக்கு யோசிக்கலாம்.

ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடினேன். நான், ஓடினேன்!

வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே சர்ச் பெண்கள் சங்கம் மொத்தமும் முழங்காலில் இருந்தது. பக்கத்தில் ஒரு தூக்கு நிறைய பிரியாணி. ஆபரேஷன் விஷயம் என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான் வாங்கிய சத்தியத்தால் மூலையில் முழித்துக்கொண்டு நின்றார். நான் இளைத்ததற்கு அவர்களே ஒரு காரணம் முடிவு செய்துவிட்டார்கள்.

"எங்ககிட்ட மறைக்கலாமா? இன்னா ஸ்டேஜாம்?" எஸ்தர் அக்கா அழுதார்.

"கேன்சர் இல்லக்கா. அது வரக்கூடாதுன்னுதான் ஆபரேஷன் பண்ணி இளைச்சேன்."

யாரும் நம்பவில்லை. என் தலையில் கை வைத்து அக்கா உருக்கமாக ஜெபித்தார். "ஆண்டவரே, எங்க கிரேஸுக்குப் பழைய உடம்பைத் திருப்பித் தாரும்!"

எல்லோரும் ஆமென் என்றார்கள்.

பிறந்ததிலிருந்து சர்ச்சுக்குப் போகிறேன். இன்றுதான் முதல்முறையாக, வாயை இறுக மூடிக்கொண்டேன்.